காய்ந்து கிடக்கிற மனை, வரைபடத்தில் நீல நிறம்: மனுவில் ‘இல்லை’ என்று போடலாமா?

வேலிக்கல் (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். வீடு கட்ட அனுமதி கேட்டு மனு போடுற கட்டத்துல நிக்கிறேன். பிளான் ரெடி, கையெழுத்து மட்டும்தான் பாக்கி. மனுவோட மூணாம் பக்கத்துல ஒரு கேள்வி: ‘மனையில் சூழல் உணர்திறன் பகுதி எதுவும் அடங்கியுள்ளதா? ஆம் / இல்லை.’

மனை சரிவா இறங்கி, கீழே ஒரு ஓடையில முடியுது. அதை ஓடைன்னு சொல்றதே பெருமை. இப்போ செருப்பு நனையாம தாண்டிடலாம். ஆனா ஆன்லைன் வரைபடத்துல மனையில மூணுல ஒரு பங்குக்கு, ஈரநிலம்னு காட்டுற நீல நிறம் அடிச்சிருக்கு. வீட்டோட ஒரு மூலையும் செப்டிக் டேங்கும் அந்த நீலத்துக்குள்ள விழுது.

ஓடையில தேங்கி நிக்கிற கொஞ்சூண்டு தண்ணியில இருந்து டேப் பிடிச்சேன். வீட்டு மூலைக்குச் சரியா 15 மீட்டர். ஓடையில இருந்து வீடு இவ்வளவு தள்ளி நிக்கணும்னு எங்க விதியில கேக்குறதும் 15 தான். அப்போ ‘இல்லை’ன்னு டிக் பண்ணிடலாமா? வரைபடம் தப்பா இருக்க வாய்ப்பு உண்டா?

மேட்டுத்தெரு

இதுக்குப் போய் இவ்வளவு யோசிக்கணுமா பாஸ்? மனு போடுறதுக்கு முன்னாடியே ஜேசிபி விட்டுப் புதரை வழிச்சு, நாலு லோடு மண் அடிச்சு மட்டம் பண்ணிடுங்க. பார்க்க வர்றவங்க கண்ணுக்கு வெறும் மேட்டு நிலம்தான் தெரியும்.

மண்புழு

வேலிக்கல், மேல இருக்கிறதைச் செஞ்சிடாதீங்க. நான் செஞ்சு மாட்டினவன்.

பார்வையிட வந்தவர் என் மண்ணைக் குனிஞ்சுகூடப் பார்க்கலை. கையில இருந்த டேப்லெட்ல முந்தின வருஷத்துச் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து, “இங்க இருந்த பச்சை எங்க சார்?”னு கேட்டார். அவ்வளவுதான். அடிச்ச மண்ணை என் காசுலயே அள்ளினேன், செடி நட்டேன், அது வேர் பிடிச்சதுன்னு ரெண்டு பருவம் காட்டினேன். அதுக்கப்புறம்தான் மனுவைக் கையில எடுத்தாங்க.

லேண்ட்சாட் செயற்கைக்கோள் வரிசை 1972ல இருந்து பூமியைப் படம் பிடிச்சுட்டு இருக்கு. சென்டினல்-2 படங்கள் இலவசம், 10 மீட்டர் துல்லியம், சில நாளுக்கு ஒருமுறை புதுப்படம் வரும். நாம அழிச்சாலும் அழியாத சாட்சி அது. அதையே உங்களுக்குச் சாதகமாவும் பயன்படுத்தலாம்: மழை மாசத்துப் படங்களை அஞ்சாறு வருஷத்துக்கு வரிசையா வச்சுப் பாருங்க. கூகுள் எர்த்ல பழைய படங்களைப் பார்க்கிற வசதி இருக்கு. வருஷா வருஷம் ஒரே இடம் கருத்து ஈரமாத் தெரிஞ்சா, வரைபடம் பொய் சொல்லலைன்னு அர்த்தம்.

நாணல்

நான் களத்தில் ஈரநில எல்லை குறிக்கும் வேலை செய்கிறேன். தம்பி, உங்கள் கேள்வியில் மூன்று கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. வரைபடத்தை முதலில் முடித்துவிடுவோம்.

வரைபடம் தீர்ப்பு இல்லை, துப்பு மட்டும். பெரும்பாலும் மேலிருந்து எடுத்த படங்களைப் பார்த்து அறையில் உட்கார்ந்து வரைந்தது. 1:50,000 அளவில் வரைந்த கோட்டின் தடிமன் அரை மில்லிமீட்டர் என்றால், தரையில் அந்தக் கோடே 25 மீட்டர் அகலம். உங்கள் வீடு முழுதாக அதற்குள் மறைந்துவிடும். ஆகவே நீலம் தப்பாக இருக்கலாம். நிறமே இல்லாத இடத்தில் ஈரநிலம் இருக்கவும் செய்யும், அதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

அடுத்தது, “இப்போது காய்ந்திருக்கிறதே” என்பது. ஈரநிலங்களைக் காப்பதற்கான 1971ஆம் ஆண்டின் சர்வதேச ராம்சார் உடன்படிக்கை, தற்காலிகமாக நீர் நிற்கும் நிலத்தையும் ஈரநிலம் என்றுதான் வரையறுக்கிறது. உள்ளூர் விதிகள் இடத்துக்கு இடம் மாறும், ஆனால் வருடம் முழுக்கத் தண்ணீர் நிற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவை குறைவு.

தண்ணீர் இல்லாத மாதத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது? அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை 1987இல் வெளியிட்ட கையேடு மூன்று சாட்சி கேட்கும்: செடி, மண், நீர்த்தடம். நாடு எதுவானாலும் இந்த மூன்றையும் பார்ப்பது நல்லது.

செடி: ஓடையிலிருந்து மேலே நடந்துகொண்டே ஒரு தண்டைக் கிள்ளி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உருட்டிப் பாருங்கள். புல் வழுக்கிக்கொண்டு உருளும், நடுவில் கணு தட்டும். கோரை பெரும்பாலும் முக்கோணம், தடக் தடக்கென்று விளிம்பு இடிக்கும், கணு இருக்காது. கோரையும் சம்பும் எங்கே நின்று புல் எங்கே தொடங்குகிறது என்று ஒரு குச்சி நடுங்கள். ஆடு மேய்ந்த இடத்தில் இது ஏமாற்றும்.

மண் அப்படி ஏமாற்றாது. ஓடையிலிருந்து மேல்நோக்கி 5 மீட்டருக்கு ஒரு குழி, ஒவ்வொன்றும் 50 செ.மீ. ஆழம். பக்கவாட்டிலிருந்து ஒரு கட்டியை எடுத்துக் கையால் உடையுங்கள். கத்தியால் வெட்டினால் நிறம் இழுவிப் போய்விடும். லேசாகத் தண்ணீர் தெளித்து, வெயிலில், கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். மண்ணில் நீர் நிறைந்து நின்றால் காற்று உள்ளே போகாது. அப்போது நுண்ணுயிர்கள் ஆக்சிஜனுக்குப் பதில் இரும்பைப் பயன்படுத்தத் தொடங்கும். இரும்பு கரைந்து நகர்ந்துவிட, மண் சாம்பல் பூக்கும். வேர் போன துளை வழியாக மறுபடி காற்று நுழையும் இடத்தில் அதே இரும்பு துருவாகப் படியும். சாம்பல் நிறத்துக்குள் ஆரஞ்சு நூல் ஓடினாற்போல் இருந்தால், அந்த மண் வருடத்தில் பல வாரம் மூழ்கிக் கிடக்கிறது. கோடையிலும் அந்த நிறம் போகாது.

மூன்றாவது நீர்த்தடம். மரப்பட்டையில் கறைக்கோடு, கிளையில் சிக்கிய சருகு, மேலாகவே படர்ந்த வேர். இவற்றை அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள்.

குழி வெட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள். அதுவரை எந்தக் கட்டத்திலும் டிக் வேண்டாம்.

கோணமானி

நான் சர்வேயர். அந்த 15 மீட்டர் எனக்கு உறுத்துது.

சரிவுல டேப்பைத் தரையோட படுக்க வச்சுத்தானே அளந்தீங்க? விதியில சொல்ற விலகல் தூரம் சாதாரணமா கிடைமட்டத் தூரம். சரிவு 25 பாகைன்னா உங்க 15 மீட்டர் உண்மையில 13.6 மீட்டர்தான். அதுலயே 1.4 மீட்டர் போச்சு.

அதோட, தேங்கின தண்ணியில இருந்து யாரும் அளக்க மாட்டாங்க. சில இடத்துல கரையோட மேல் விளிம்பு, சில இடத்துல வழக்கமா வெள்ளம் தொடுற உயர்மட்டக் கோடு, ஈரநிலம்னா நாணல் அக்கா சொல்ற அந்த எல்லை. உங்க விதியில எதுன்னு வார்த்தைக்கு வார்த்தை படிங்க. கூரை நீட்டலும் படிக்கட்டும் கணக்குல வருதான்னும் பாருங்க, நிறைய இடத்துல வரும்.

வேலிக்கல்

குழி வெட்டியாச்சு, இடுப்பு போச்சு.

5, 10 மீட்டர் ரெண்டும் சந்தேகமே இல்லை, சாம்பல், அழுகின முட்டை நாத்தம் வேற. 20 மீட்டர்ல முழுக்கப் பழுப்பு, பொலபொலன்னு உதிருது. வம்பு 15ல, அதாவது வீட்டு மூலையில. மேல 30 செ.மீ. பழுப்பு, அதுக்குக் கீழ சாம்பல், அக்கா சொன்ன ஆரஞ்சு நூல் அச்சு அசலா இருக்கு. கோரை 12 மீட்டரோட நின்னுடுது. இப்போ எதை நம்புறது? பழைய காலத்து ஈரத்தோட அடையாளமா இருக்கலாமேன்னு ஒரு நப்பாசை.

நாணல்

அந்த நப்பாசைக்கு இடம் உண்டு. எப்போதோ வடிகால் வெட்டி வற்றவைத்த நிலத்திலும் பழைய நிறம் தங்கிவிடும். அதைச் சோதிக்க வழி எளிது: அந்தக் குழியில் துளையிட்ட பிவிசி குழாயை நட்டு, மழைப் பருவத்தில் வாரம் ஒருமுறை நீர்மட்டத்தைக் குறித்து வாருங்கள். சாம்பல் தொடங்கும் ஆழம் வரை நீர் ஏறி நின்றால் நிறம் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. எல்லைக்கோடு ஒரே நேர்கோடாகவும் ஓடாது, மனையின் மறுபக்கத்திலும் ஒரு வரிசை வெட்டுங்கள்.

வீட்டு மூலையை விடவும் உங்கள் செப்டிக் டேங்க்தான் எனக்குக் கவலை. கழிவுநீர் உறிஞ்சப்படும் படுகைக்கு அடியில் நீர் நிறையாத மண் வேண்டும், பல விதிகளில் 60 முதல் 120 செ.மீ. வரை கேட்பார்கள். சாம்பல் 30 செ.மீ.யிலேயே வரும் இடத்தில் கழிவுநீர் வடிகட்டப்படாமல் நேராக ஓடைக்குப் போகும். எந்த அலுவலகமும் அனுமதிக்காது, அனுமதித்தாலும் மழையில் பொங்கும்.

இன்னொன்று: பறவை கூடு கட்டும் காலம், செடி பூக்கும் காலம், தவளை கத்தும் காலம் என்று கணக்கெடுப்புக்கும் பருவம் உண்டு. அதைத் தவறவிட்டால் ஒரு வருடம் தள்ளிப்போகும். மனுவுக்கு முந்தைய ஆலோசனைக் கூட்டம் உங்கள் அலுவலகத்தில் உண்டா என்று கேட்டு, என்னென்ன ஆய்வு வேண்டும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கட்டட அனுமதியும் நீர்நிலை அனுமதியும் வெவ்வேறு மேசையாக இருக்கலாம்.

மேட்டுத்தெரு

அப்போ மனையில பாதி வேஸ்ட்னு சொல்லுங்க.

கோணமானி

வேஸ்ட் இல்லண்ணே, வீடு மேல ஏறணும், அவ்வளவுதான். வேலிக்கல், எல்லையில கொடி நடுங்க, ஒவ்வொண்ணுக்கும் நம்பர் போடுங்க. ஒரு சர்வேயர் அதைப் பிளான்ல ஏத்தட்டும். முதல்ல அந்தக் கோடு, அப்புறம் விலகல் கோடு, மிச்சத்துல வீடு. நீங்க வீட்டை முதல்ல போட்டுட்டீங்க.

வேலிக்கல்

நாலு மாசத்துக்கு அப்புறம் வர்றேன். தகுதியுள்ள சூழலியலாளரை வச்சு முறைப்படி எல்லை குறிச்சாச்சு, மொத்தம் 23 கொடி. குழாய்ல நீர் தரையில இருந்து 28 செ.மீ. ஆழம் வரை ஏறிச்சு, நப்பாசை முடிஞ்சது. வீட்டைத் திருப்பி மேல ஏத்தினோம், செப்டிக் டேங்க் சாலைப் பக்கம் போயிடுச்சு. கார் நிறுத்துற இடம் சுருங்கிப்போச்சு, வீட்டுல அதுக்குத் திட்டு விழுந்துட்டு இருக்கு. மனுவுல ‘ஆம்’னு டிக் போட்டிருக்கேன். நாளைக்குக் கொடுக்கணும்.

நேத்து ராத்திரி நல்ல மழை. காலையில போய்ப் பார்த்தா 7, 8, 9 கொடியெல்லாம் தண்ணிக்குள்ள நிக்குது. பழைய பிளான்ல அது சமையலறை.

நாணல்

தண்ணீர் வடிவதற்குள் தேதியோடு படம் எடுத்துவிடுங்கள், தம்பி. கொடி நம்பர் தெரியட்டும். மனுவோடு சேர்த்தே கொடுங்கள்.