செல்ஃப் எஃபிகசி: ‘தன்னம்பிக்கை’ பொருந்தாது, ‘இயலுறுதி’ சரிவருமா?

> அண்ணாச்சி, பொதுச் சுகாதார முதுகலை ஆய்வேட்டு வினாத்தாளில் செல்ஃப் எஃபிகசியைத் ‘தன்னம்பிக்கை’ என்று போடலாமா? குமரி மாவட்டத்துத் தூத்தூர், குளச்சல் மீனவர்களிடம் சர்க்கரை மாத்திரை பற்றிக் கேட்கும் வினாத்தாள்.

வேண்டாம் தம்பி. அந்தச் சொல் ஆய்வையே திசைமாற்றிவிடும். தன்னம்பிக்கை ஆளின் பொதுக்குணம். செல்ஃப் எஃபிகசி என்று உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977இல் சொன்னது, ஒரு குறிப்பிட்ட செயலை, குறிப்பிட்ட இடைஞ்சலுக்கு நடுவிலும் தன்னால் செய்ய முடியும் என்று ஒருவர் வைத்திருக்கும் கணிப்பு. ஆழ்கடலுக்குப் போய் வாரக்கணக்கில் தங்குகிற தூத்தூர்க்காரருக்குத் தன்னம்பிக்கையில் என்ன குறை? ஆனால் சாப்பாட்டு நேரம் நிலையில்லாத விசைப்படகில், மாத்திரை அட்டையை உப்புத்தண்ணீர் படாமல் வைத்து, வேளைக்கு எடுத்துப் போட முடியுமா என்று கேட்டால் அவரே தயங்குவார். நமக்கு வேண்டியது அந்தத் தயக்கத்தின் அளவு.

‘தன்திறன்’, ‘சுயதிறன்’ இரண்டும் திறமையைத்தான் சொல்கின்றன, திறமை பற்றிய நம்பிக்கையைச் சொல்லவில்லை. ஊசி போடத் தெரிந்தவருக்கும் தானே இன்சுலின் போட்டுக்கொள்ளும் துணிவு இல்லாமல் போகலாம். என் பரிந்துரை: ‘இயலும்’ என்பதன் வேரான இயல் + உறுதி = இயலுறுதி.

வினாவில் ‘போடுவேன்’ என்று வரவே கூடாது, அது செய்யும் எண்ணத்தை அளக்கும், முடியுமா என்பதை அல்ல. ‘என்னால் முடியும்’ என்றே அமையவேண்டும். பண்டூராவின் அளவுகோல் 0 முதல் 100 வரை, பத்துப்பத்தாக ஏறும். 0 என்றால் அறவே முடியாது, 100 என்றால் உறுதியாக முடியும். இடைஞ்சல் இல்லாத வினாவுக்கு எல்லாரும் 100 போட்டுவிடுவார்கள், வேறுபாடே தெரியாது.

> ‘இயலும்’ ஏட்டுச்சொல் அல்லவா? நம்ம ஊரில் ‘ஏலும், ஏலாது’ என்றுதானே பேச்சு. ‘ஏலுறுதி’ என்றே வைத்தால் என்ன?

நல்ல யோசனை அக்கா, எனக்கும் ஆசைதான். ஆனால் கடற்கரையில் அந்தச் சொல் காதில் விழுந்ததும் மீன் ஏலம்தான் நினைவுக்கு வரும். கலைச்சொல் ‘இயலுறுதி’யாக இருக்கட்டும். வினாவில் மட்டும் ‘ஏலுமா?’ என்று கேட்போம். குலசேகரம் பக்கம் விடியுமுன் ரப்பர் பால்வெட்டப் போகிறவர்களுக்கும் அது புரியும்.

காந்திகிராமத்தில் சுகாதாரக் கல்விப் பட்டயம் படிப்பவர்களும், மாவட்ட நலவாழ்வுச் சங்கங்களில் ஆலோசகராகச் சேர்பவர்களும் இதைக் கவனிக்கவேண்டும். பெயர் தவறினால் திட்டமும் தவறும். ‘தன்னம்பிக்கை குறைவு’ என்று அறிக்கை எழுதினால் அடுத்த மாதம் ஊக்கப்பேச்சுக்கு ஆள் தேடுவார்கள். இயலுறுதியை வளர்க்கப் பண்டூரா காட்டிய வழிகள் நான்கு: தானே செய்து தேர்வது, தன்னைப் போன்றவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் தைரியம் சொல்வது, படபடப்பு போன்ற உடல்நிலையைச் சரியாகப் புரிந்துகொள்வது. இவற்றில் முதலாவதுதான் வலுவானது, பேச்சு அதற்குப் பின்னால்தான். ஆகவே கரையிலேயே ஒரு வாரம் மாத்திரைப் பெட்டியைப் பழக்கி அனுப்புவது மேடைப்பேச்சைவிடப் பயன்படும்.

தம்பி, தமிழாக்கிய வினாத்தாளை, மூல ஆங்கில வினாத்தாளைப் பார்க்காத ஒருவரிடம் கொடுத்து மறுபடி ஆங்கிலமாக்கச் சொல்லுங்கள். ‘தன்னம்பிக்கை’ போட்டிருந்தால் அது ‘செல்ஃப் கான்ஃபிடன்ஸ்’ என்று திரும்பி வரும், பிழை அங்கேயே பிடிபடும். பிறகு சில மீனவர்களிடம் வாசித்துக்காட்டி, என்ன புரிந்தது என்று அவர்கள் வாயாலேயே சொல்லக் கேளுங்கள்.

முதல் வினா இப்படி இருக்கலாம்: “கடலில் தங்குகிற நாளிலும், சாப்பாடு நேரம் மாறினாலும், சர்க்கரை மாத்திரையை விடாமல் போட உங்களால் எவ்வளவு உறுதியாக ஏலும்?”