சிஎல்ஏ-வில் கையெழுத்துப் போட்டவன் பேசக்கூடாதா?

வேர்: "டெராஃபார்ம் உரிமம் மாறியதற்கு இன்னும் புலம்புகிறவர்கள், சிஎல்ஏ-வில் கையெழுத்துப் போடும்போது தூங்கிக்கொண்டா இருந்தார்கள்?" என்று நிரலோன் நேற்று எழுதியிருந்தார். சிஎல்ஏ என்றால், ஒரு திட்டத்துக்கு நிரல் கொடுக்கிறவர் அதைப் பயன்படுத்தும் உரிமையை நிறுவனத்துக்கு எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தம். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. சர்வர்களை நிரல் எழுதி அமைக்க உதவும் டெராஃபார்ம் மென்பொருளை அதன் நிறுவனமான ஹாஷிகார்ப் 2023 ஆகஸ்டில் எம்பிஎல் என்ற திறமூல உரிமத்திலிருந்து, போட்டி நிறுவனங்களின் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் பிசினஸ் சோர்ஸ் உரிமத்துக்கு மாற்றியது. அதுவரை சம்பளமில்லாமல் பிழை திருத்தியவர்களுக்கு அதில் ஒரு வார்த்தை சொல்லக்கூட இடமில்லையா?

நிரலோன்: வருத்தப்படுங்கள், யார் தடுத்தது? ஏமாற்றிவிட்டார்கள் என்று மட்டும் சொல்லாதீர்கள். உங்கள் நிரலை வேறு உரிமத்தில் கொடுக்கும் அதிகாரத்தை நீங்களே எழுதிக் கொடுத்தீர்கள். கையெழுத்துப் போட்டால் போட்டதுதான்.

வேர்: எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், அது வேறு நிறுவனம், பெயர் வேண்டாம். நேர மண்டலக் கணக்கில் ஒரு பிழை, மூன்று இரவு உட்கார்ந்து பிடித்தேன், திருத்தம் எட்டே வரி. திருத்தத்தைச் சேர்க்கச் சொல்லிப் புல் ரிக்வெஸ்ட் அனுப்பிய அரை நிமிடத்தில் தானியங்கி பாட் வந்து சிவப்புக் குறி போட்டது, கையெழுத்து இல்லாவிட்டால் யாரும் திறந்துகூடப் பார்க்க மாட்டார்களாம். ராத்திரி ஒன்றரை மணிக்கு எட்டு வரிக்காக எந்த வக்கீலிடம் போவது? பட்டனை அமுக்கினேன். இரண்டு வருடம் கழித்து அந்த எட்டு வரியும் புது உரிமத்துக்குள் போய்விட்டது. லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலில் சிஎல்ஏ கிடையாது. 2004 முதல், இதைக் கொடுக்க எனக்கு உரிமை உண்டு என்று உறுதி சொல்லும் 'சைன்ட் ஆஃப் பை' என்று ஒரு வரி, அவ்வளவுதான். பதிப்புரிமை ஆயிரக்கணக்கானவர்களிடம் சிதறிக் கிடப்பதால் எந்த நிறுவனமும் தனியாக முடிவெடுத்து அதன் உரிமத்தை மாற்ற முடியாது. அவர்களால் முடிகிறது, மற்றவர்களுக்கு மட்டும் ஏன் கையெழுத்து?

பழையபொறி: கெர்னலை இழுக்காதீர்கள். அங்கே பெரும்பாலான மாற்றங்கள் இன்டெல், ரெட் ஹேட், கூகுள் மாதிரி நிறுவனங்களின் சம்பளத்தில்தான் வருகின்றன. இணையப் பரிமாற்றத்தைக் குறியாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் ஞாபகம் இருக்கிறதா? 2014-ல் அதில் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெடித்தபோது அங்கே முழுநேரமாக உட்கார்ந்தவர் ஒரே ஒருவர். அதற்கப்புறம் பணம் போட்டது நிறுவனங்கள்.

வேர்: அதுவரை ஓசியில் எடுத்து ஓட்டியதும் அதே நிறுவனங்கள்தான். வெடித்த பிறகு போட்ட காசுக்கு நன்றி சொல்ல வேண்டுமா?

நிரலோன்: 2024-ல் கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட்-டில் ஒளித்து வைத்த பின்கதவைக் கண்டுபிடித்தவர் மைக்ரோசாஃப்ட் ஊழியர். அதையும் தன்னார்வலர் கணக்கில் எழுதிக்கொள்கிறீர்களா?

வேர்: தொலைவிலிருந்து கணினிக்குள் போகும் எஸ்எஸ்எச் நுழைவு அரை நொடி தாமதமாகிறது என்று விடாமல் தோண்டியவர் ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற மனிதர். அது அவருடைய பிடிவாதம். அதை நிறுவனத்தின் பெருமையாக்காதீர்கள். அந்த எக்ஸ்இசட்-டைப் பல வருடம் தனியாக, சம்பளமில்லாமல் தாங்கிக் களைத்துப்போனவரைப் பற்றி உங்களுக்கு ஒரு வரி எழுத மனம் வரவில்லை, பார்த்தீர்களா?

பழையபொறி: மனிதர்களைப் பற்றி நீங்கள் பேசுகிறீர்களா? போன வருடம், லினக்ஸைத் தொடங்கி வைக்கும் சிஸ்டம்டி மென்பொருள் பற்றிய சண்டையில் என்னைக் கூலிக்கு எழுதுகிறவன் என்றீர்கள். நான் மறக்கவில்லை.

வேர்: நீங்கள் அன்றைக்கு எழுதியதும் இப்போது எழுதுவதும் ஒன்றுதான். திரும்பப் போய்ப் படித்துப் பாருங்கள்.

நிரலோன்: விஷயத்துக்கு வாருங்கள். எம்பிஎல்-லில் வந்த பழைய நிரல் எங்கும் போகவில்லை. பிடிக்காதவர்கள் அதைப் பிரதி எடுத்துத் தனித் திட்டமாக ஃபோர்க் செய்தார்கள், அடுத்த மாதமே ஓப்பன்டோஃபு என்ற அந்தத் திட்டம் லினக்ஸ் ஃபவுண்டேஷன் என்ற லாபநோக்கற்ற அமைப்புக்குள் வந்துவிட்டது. என்ன நஷ்டம்?

வேர்: ஃபோர்க் செய்தால் நிரல் வரும். பிழைகளைப் பற்றி அத்தனை வருடம் நடந்த இஷ்யூ உரையாடலும், பெயரும், ஆட்களும் கூடவே வந்துவிடுமா? பாதிப் பேர் அங்கே, பாதிப் பேர் இங்கே. ஒரே பிழையை இரண்டு இடத்தில் திருத்திக்கொண்டிருக்கிறோம். ஒரு சமூகத்தை வெட்டிவிட்டு நஷ்டம் என்ன என்று கேட்கிறீர்கள்.

நிரலோன்: கையெழுத்துப் போட்டீர்களா, இல்லையா?

வேர்: போட்டேன். இன்னும் நூறு முறை கேட்டாலும் போட்டேன் என்றுதான் சொல்வேன், ஏனென்றால் நான் மறைக்கவில்லை. அந்தப் பிழையைத் திருத்தத்தான் போட்டேன், மூட்டை கட்டி விற்கப் போடவில்லை.

நிரலோன்: அப்படி அதில் எங்கே எழுதியிருந்தது?

பழையபொறி: என்னைச் சொன்ன அந்த வார்த்தைக்கு இன்னும் பதில் வரவில்லை.