மறு: ‘சிறப்புச்சொல் செயலுருபு’ வேண்டாம், ‘பெயர்சுட்டுச் செயலுருபு’ என்போம்

அண்ணாச்சிக்கு வணக்கம்.

> செயலுருபு என்கிற சொல்லையே மாற்றிவிடலாமே, பிள்ளைகளுக்கு வாயில் நுழைய மாட்டேங்குது.

அதை மட்டும் தொட வேண்டாம் அண்ணாச்சி. பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலில் பைத்தான் நிரல்மொழிப் பகுதி முழுக்க ‘செயலுருபு’ (செயற்கூறு, அதாவது ஃபங்ஷன் ஒன்றைக் கூப்பிடும்போது தருகிற மதிப்பு, ஆர்கியுமென்ட்), ‘அளபுரு’ (அதை வாங்கிக்கொள்ளச் செயற்கூறில் வைத்த பெயர், பாராமீட்டர்) என்றுதான் இருக்கிறது. அம்பை, களக்காடு, வள்ளியூர் என்று நம் பக்கத்துப் பிள்ளைகள் தமிழ்வழியில் படித்துவிட்டு வரும்போது அந்த இரண்டு சொல்லும் அவர்கள் கையில் இருக்கின்றன. ஊன்றிவிட்டதைப் பிடுங்க வேண்டாம். சிக்கல் அதற்கு முன்னால் ஒட்டவைக்கிற அடைமொழியில்தான்: மதிப்பைப் பெயரோடு சேர்த்துத் தருகிற ‘கீவேர்ட் ஆர்கியுமென்ட்’டைச் ‘சிறப்புச்சொல் செயலுருபு’ என்கிறார்களே, அதில்.

‘சிறப்புச்சொல்’ என்றால் இஃப், வொய்ல், டெஃப் மாதிரி மொழி தனக்கென்று ஒதுக்கி வைத்துக்கொண்ட சொற்கள். ஒரு பிள்ளை அதை முதல் பாடத்திலேயே படித்துவிட்டு, அப்புறம் ‘சிறப்புச்சொல் செயலுருபு’ என்று பார்த்தால், ஒதுக்கப்பட்ட சொல்லைத்தான் அடைப்புக்குள் தர வேண்டும் போலிருக்கிறது என்று நினைக்கும். உண்மை நேர் எதிர், ஒதுக்கிய சொல்லை அங்கே பெயராக எழுதினால் பைத்தான் இலக்கணப் பிழை என்று நிறுத்திவிடும். ‘திறவுச்சொல்’ என்பதும் சரிப்படாது, அது கட்டுரைக்கும் தேடலுக்கும் போய்விட்டது.

சரி, அது உண்மையில் என்ன செய்கிறது என்று சோதித்துப் பார்த்துவிட்டுப் பெயர் வைப்போம். பைத்தான் 3.0 வந்த 2008 முதல் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம், அதனால் முன்னால் டெஃப், முடிவில் முக்காற்புள்ளி சேர்த்தால் இந்தத் தலைப்பு வரி செல்லும் (டெஃப்பும், ஆம், இல்லை என்பதைக் குறிக்கிற ட்ரூ, ஃபால்ஸும் மட்டும் பைத்தானின் எழுத்தில் இருக்க வேண்டும்):

    சீட்டு(ஏறுமிடம், இறங்குமிடம், பேர்=1, சலுகை=ஃபால்ஸ்)

முதல் சோதனை: சீட்டு("பாபநாசம்", "அம்பை") என்றும், இரண்டையும் இடம் மாற்றியும் கூப்பிடுங்கள். கிலோமீட்டர் வித்தியாசத்தை வைத்துக் கணக்கிடும் நிரல் என்றால் கட்டணம் இரண்டுக்கும் ஒன்றாகவே வரும். கட்டணத்தை மட்டும் சரிபார்க்கிற சோதனை ‘தேறியது’ என்று சொல்லும், ஆனால் அச்சாகிற சீட்டில் ஊர் தலைகீழாக இருக்கும். செயலுருபைச் சோதிக்க உட்காருகிறவர்கள் இடம் மாறினால் விடையும் மாறுகிற ஒன்றைத்தான் பார்க்க வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

இரண்டாவது இன்னும் மோசம். சலுகை தரலாம் என்று சீட்டு("பாபநாசம்", "அம்பை", ட்ரூ) என்று எழுதுகிறோம். அந்த ட்ரூ மூன்றாவது இடத்துக்கு, அதாவது ‘பேர்’ (எத்தனை ஆள்) என்பதற்குப் போய்விடுகிறது. பைத்தானில் ட்ரூவும் ஒருவகை முழு எண்தான், பெருக்கினால் 1. ஆக ஒரு ஆளுக்கு முழுக் கட்டணம், சலுகை இல்லை, பிழைச் செய்தியும் இல்லை. சலுகை=ட்ரூ என்று எழுதினால் நடுவில் உள்ளதைத் தாண்டி நேராக உரிய இடத்துக்குப் போய்ச் சேரும்.

இதை நாம் தினமும் பேருந்தில் செய்கிறோம். “பாபநாசம், அம்பை, ஒண்ணு” என்றால் கண்டக்டர் முதலில் சொன்னதை ஏறிய இடம் என்று வைத்துக்கொள்வார், வரிசைதான் பொருள். “அம்பைக்கு ஒண்ணு, பாபநாசத்துல இருந்து” என்றால் எப்படிப் புரட்டிச் சொன்னாலும் பிழையில்லை, உருபு காப்பாற்றுகிறது. சென்ற மடலில் ஒருவர் இதை வைத்தே ‘வேற்றுமைச் செயலுருபு’ என்று முன்மொழிந்திருந்தார். விளக்கமாகச் சொல்லிக்கொடுக்க அருமையானது, பெயராக வைக்க முடியாது. வேற்றுமை எட்டுதான், அதை மொழி வகுத்து வைத்திருக்கிறது. இங்கேயோ ஏறுமிடம், இறங்குமிடம் என்பவை செயற்கூறு எழுதினவர் வைத்த பெயர்கள். நாளைக்கு அவர் ‘ஏறுமிடம்’ என்பதைப் ‘புறப்பாடு’ என்று மாற்றினால், பெயர் சொல்லிக் கூப்பிட்ட நிரல்களெல்லாம் உடைந்துபோகும். 2019-இல் வந்த பைத்தான் 3.8-இல், வரிசைப்படி மட்டுமே தர வேண்டிய அளபுருக்களைப் பிரித்துக்காட்ட சாய்கோட்டைக் கொண்டுவந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

அதனால் பெயர் என்கிற சொல் உள்ளே இருந்தே ஆக வேண்டும். என் முன்மொழிவு:

வரிசைச் செயலுருபு, பெயர்சுட்டுச் செயலுருபு.

‘பெயர்வழி’ என்றும் யோசித்தேன், பேச்சில் அது ‘பேர்வழி’ ஆகி வேறு பொருளுக்குப் போய்விடும். ‘சுட்டு’ என்பதில் எனக்குப் பிடித்தது, அது வினையாகவும் வளைந்து கொடுக்கிறது. பிழைச் செய்திகளைத் தமிழில் எழுதிப் பாருங்கள்: ‘பெயர் சுட்டிய பின் வரிசைச் செயலுருபு வரக்கூடாது’, ‘சுட்டிய பெயர் இந்தச் செயற்கூறில் இல்லை’, ‘இதைப் பெயர் சுட்டியே தர வேண்டும்’. மூன்றும் பைத்தானில் உண்மையில் வருகிற பிழைகள், மூன்றும் படித்தவுடனே புரிகின்றன. ‘சிறப்புச்சொல்’லை வைத்து இதே மூன்றை யாராவது எழுதிக் காட்டுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

பைத்தானுக்கு மட்டும் பொருந்துகிற சொல் என்றும் சொல்ல முடியாது, மற்ற நிரல்மொழிகளையும் பாருங்கள். பிஎச்பி 8.0 இந்த வசதியை 2020-இல் சேர்த்துக்கொண்டபோது அவர்களும் ‘பெயர்’ என்பதை வைத்துத்தான் அழைத்தார்கள். ரூபி 3.0 அதே ஆண்டு இரண்டு வகையையும் கறாராகப் பிரித்தது. ஜாவாஸ்கிரிப்டில் இது கிடையாது, ஒரு பொருளுக்குள் (ஆப்ஜெக்ட்) பெயரும் மதிப்புமாகப் போட்டு அனுப்பிச் சமாளிக்கிறார்கள், அங்கே இந்தச் சொல்லைப் பயன்படுத்த வேண்டாம்.

அண்ணாச்சி ஒத்துக்கொண்டால் எழுதிக்கொண்டிருக்கும் பயிற்சிக் கையேட்டில் இதையே போட்டுவிடுகிறேன். ஒற்று மிகுமா என்று மட்டும் தமிழாசிரியர்கள் யாராவது பார்த்துச் சொல்லுங்கள், ‘பெயர்சுட்டு செயலுருபு’ என்று இயல்பாக விடலாமா என்று எனக்கு இன்னும் ஒரு யோசனை இருக்கிறது.