டவுன்லோட் சரி, அப்லோட் மட்டும் ஊர்கிறது. அவசர உதவி வேண்டும்

கொங்குதம்பி:
100 எம்பிபிஎஸ் ஃபைபர். டவுன்லோட் 95 வருகிறது, அப்லோட் 3, 4ஐத் தாண்டவில்லை. மீட்டிங்கில் என் குரல் விட்டு விட்டுக் கேட்கிறதாம். திங்கள்கிழமை டெமோ இருக்கிறது. ஃபைபர் மோடம் பெட்டியை அணைத்துப் போட்டும் பார்த்தாச்சு. என்ன செய்யலாம்?

மழைக்காலம்:
வைஃபையா, லேன் வயரா? பிளானில் அப்லோடும் 100தானா?

வயர்மணி:
வைஃபைதான், எழுதியே தருகிறேன். பக்கத்து வீட்டு சிக்னலோடு மோதும். 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள்.

கொங்குதம்பி:
லேன்தான் அண்ணா. அப்லோடும் 100.

ஓஎல்டி_பெரியவர்:
இதற்கெல்லாம் இங்கே பலமுறை பதில் எழுதியாகிவிட்டது. தேடிப் படிக்கும் பழக்கமே யாருக்கும் இல்லை. ஒளியின் பவர் எவ்வளவு என்று சொல்லாமல் ஃபைபர் கோளாறைப் பேசுவது வீண். பெட்டியின் செட்டிங் பக்கத்தில் ஆர்எக்ஸ் பவர், அதாவது பெட்டிக்கு வந்து சேரும் ஒளியின் அளவு இருக்கும், பாருங்கள்.

கொங்குதம்பி:
ஆர்எக்ஸ் மைனஸ் 26.8 டிபிஎம். பெட்டி அனுப்பும் டிஎக்ஸ் 2.1. சிக்னல் இல்லை என்று காட்டும் சிவப்பு விளக்கு எரியவில்லை.

ஓஎல்டி_பெரியவர்:
சிவப்பு எரியாவிட்டால் எல்லாம் சரி என்று அர்த்தமில்லை. ஒரே இழையைப் பல வீடுகள் பங்கிடும் ஜிபான் முறையில் பரவலாக இருக்கும் பி பிளஸ் என்ற ஒளிக்கருவி வகைக்கு மைனஸ் 27தான் எல்லை, நீங்கள் விளிம்பில் நிற்கிறீர்கள். இறங்கும் ஒளியின் அலைநீளம் 1490 நானோமீட்டர், ஏறுவது 1310. இழை ஒன்றுதான், ஆனால் தூரம் போகப் போக 1310 கொஞ்சம் கூடுதலாகத் தேயும். வருவது எப்படியோ வந்துவிடுகிறது, நீங்கள் அனுப்புவது ஓஎல்டிக்கு, அதாவது இணைப்பு தரும் நிறுவனத்தில் இருக்கும் கருவிக்குப் போய்ச் சேருவதற்குள் சிதைகிறது.

நெட்தாகம்:
பவரெல்லாம் இல்லை சார். ஜிபானில் இறங்க 2.5 ஜிபிபிஎஸ், ஏற 1.25தான். அதை 32 வீடு, 64 வீடு பங்கு போடுகிறது. இதில் இரண்டு பக்கமும் 100 என்று விற்பதே தப்பு. அடுத்த தலைமுறை எக்ஸ்ஜிஎஸ்-பான் போட்டால் இரண்டு பக்கமும் 10 ஜிபிபிஎஸ்.

மழைக்காலம்:
எல்லோரும் ஒரே நேரத்தில் ஏற்றுவதில்லையே. எந்தப் பெட்டி எப்போது பேசலாம் என்று ஓஎல்டிதான் நேரம் பிரித்துக் கொடுக்கிறது, தேவைக்கேற்பக் கூட்டிக் குறைக்கவும் செய்கிறது. கூட்டம்தான் காரணமென்றால் விடியற்காலையில் சரியாகிவிட வேண்டும்.

நெட்தாகம்:
இரவு 9 மணிக்கு எங்கள் தெருவுக்கு வந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

மழைக்காலம்:
அதற்குத் தனிப் பதிவு தொடங்குங்கள். தம்பி, பெட்டியைச் சமீபத்தில் இடம் மாற்றினீர்களா?

கொங்குதம்பி:
ஆமாம், வெள்ளையடித்தபோது மாடிக்கு மாற்றினோம். கேபிள்காரர் புது வயர் போட்டார். சுவர்ப் பெட்டியில் பச்சைத் துளை, வயர் முனை நீலம். அது முக்கியமா?

ஓஎல்டி_பெரியவர்:
அதைத்தானே முதலில் சொல்லியிருக்க வேண்டும்! பச்சை முனை 8 டிகிரி சாய்வாகத் தீட்டியது, நீலத்தில் அந்தச் சாய்வு இல்லை. இரண்டையும் செருகினால் நடுவில் இடைவெளி விழும். சில டெசிபல் அங்கேயே போய்விடும், ஒளியும் திரும்பி அடிக்கும். சுவர்ப் பக்கம் பச்சை முனை உள்ள வயர் வேண்டும், பெட்டிப் பக்கம் அதன் துளையின் நிறம் பார்த்து வாங்குங்கள். மாட்டும் முன் முனைகளைத் துடைக்கச் சொல்லுங்கள். துளைக்குள் கண்ணை வைத்துப் பார்க்காதீர்கள், அது லேசர்.

வயர்மணி:
அப்படியே 5 கிகாஹெர்ட்ஸும் மாற்றிவிடுங்கள்.

கொங்குதம்பி:
பச்சை வயர் மாட்டியாச்சு. மைனஸ் 22.9. அப்லோட் 94. நன்றி அண்ணா.

நெட்தாகம்:
இரவு 9 மணிக்கு ஒருமுறை சோதித்துச் சொல்லுங்கள் தம்பி.