பழைய வண்டியின் பின் ஆக்சிலுக்கு எவ்வளவு கொடுக்கலாம்? கடற்கரைக்காரர்களின் அனுபவங்கள்

உச்சிப்புளியிலிருந்து:

அம்பாசடர், பத்மினி, பழைய ஜீப் வைத்திருப்பவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "பின் ஆக்சில் (பின் சக்கரங்களைச் சுழற்றும் அச்சுத் தொகுதி) முழுதாக ஒன்று வந்திருக்கிறது, இத்தனை ஆயிரம் சொல்கிறார்கள், வாங்கலாமா?" திறந்து பார்த்தீர்களா என்று திருப்பிக் கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. திறக்காத ஆக்சிலுக்கு என் கணக்கில் காயலான் கடை எடை விலைதான். அதற்கு மேல் கேட்கிறவர் உள்ளே இருப்பதைக் காட்டிவிட்டுக் கேட்கட்டும்.

முழு ஆக்சில் என்று ஒரே தொகையாகச் சொல்லும்போது நல்லதோடு சேர்த்துக் கெட்டதையும் நம் தலையில் கட்டிவிடுகிறார்கள். அதனால் நான் எப்போதும் பிரித்துத்தான் விலை போடுவேன். உள்ளேயிருக்கும் கியர் ஜோடியான கிரவுன் வீலும் (பெரிய பல்சக்கரம்) பினியனும் (அதைச் சுற்றும் சிறிய பல்சக்கரம்) சேர்ந்து ஒரு விலை, சக்கரங்களுக்குப் போகும் ஆக்சில் ஷாஃப்ட் இரண்டுக்கும் ஒரு விலை, இவற்றை மூடியிருக்கும் ஹவுசிங்குக்கு ஒரு விலை. பேரிங், ஆயில் சீல், பிரேக் லைனிங் ஆகியவற்றுக்கு ஒரு காசும் கிடையாது. அவற்றை எப்படியும் புதிதாகத்தான் போடப்போகிறோம், பழையதற்கு எதற்காகப் பணம்? பேரம் பேசப் போகுமுன் சென்னைப் புதுப்பேட்டையிலும் கோவை உக்கடத்திலும் விசாரித்து, லாரி வாடகையையும் கூட்டி வைத்துக்கொள்வேன். அங்கிருந்து வரவழைக்க ஆகும் தொகைக்கு மேல் இங்கே கொடுப்பதில் பொருளில்லை. புதிய கிரவுன் பினியன் கிடைக்கிற வண்டி என்றால் புதியதன் விலையில் பாதியைத் தாண்ட மாட்டேன். கிடைக்காத வண்டிக்கு அந்தக் கணக்கு செல்லாது, அங்கே பல்லின் நிலைதான் பேசும்.

தேவிப்பட்டினம் சாலையில் ஒரு பட்டறையில் நடந்ததைச் சொல்கிறேன். அம்பாசடர் பின் ஆக்சில், புதிதாகக் கறுப்பு வண்ணம் அடித்துச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். கேட்ட விலை 18,000 ரூபாய். ஒரு டாக்டர் வீட்டு வண்டி, அதிகம் ஓடாதது என்று கதை வேறு. சக்கரப் பக்கம் கையால் சுற்றினால் சத்தமே இல்லை, வெண்ணெய்போல ஓடியது. அந்த மௌனம்தான் எனக்குச் சந்தேகம் கொடுத்தது. நல்ல நிலையில் இருக்கும் இந்த வகை (ஹைப்பாய்டு) கியர்கூட எண்ணெய் இல்லாத காலி ஹவுசிங்கில் லேசாக முனகும். "கேரியரைக் கழற்றிப் பார்க்கலாமா அண்ணே?" என்றேன். கேரியர் என்பது கியர்களைத் தாங்கி நிற்கும் பகுதி. அவர் முகம் மாறியது. ஜீப்பைப் போலப் பின்மூடியைத் திறந்து பார்க்க அம்பாசடரில் வழியில்லை. இரண்டு ஷாஃப்டையும் உருவிவிட்டு, முன்பக்கம் நட்டுகளைக் கழற்றி, கேரியரையே வெளியே எடுக்க வேண்டும். கழற்றுகிற கூலியை நான் தருகிறேன் என்றதும் சம்மதித்தார்.

சத்தத்தை அமுக்க, உள்ளே எண்ணெய்க்குப் பதிலாகக் கெட்டிக் கிரீஸ் அடைத்திருந்தார்கள். மண்ணெண்ணெய்த் துணியால் கிரவுன் வீலைத் துடைத்தேன். வண்டி முன்னே போகும்போது பாரம் தாங்கும் பக்கத்தில், பல்லின் நடுவயிற்றில், ஊசியால் குத்தியதுபோல் சிறு சிறு குழிகள், வரிசையாக. பின்னால் உருளும்போது தாங்கும் பக்கம் மட்டும் கண்ணாடியாக மின்னியது. விற்பவர் காட்டியது அந்த மின்னும் பக்கத்தை. கிரவுன் வீலில் பொறித்திருந்த ஜோடி எண்ணும் பினியன் முகத்தில் இருந்த எண்ணும் வேறு வேறு. இந்த இரண்டையும் தொழிற்சாலையில் ஒன்றோடொன்று உரசவிட்டு ஜோடியாக்கியிருப்பார்கள். ஜோடி மாறினால் எத்தனை ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) போட்டாலும் ஊளைச் சத்தம் போகாது. ஆகவே அந்தக் கியர் ஜோடிக்கு இரும்பு விலை.

ஆனால் ஷாஃப்ட் இரண்டும் அருமையாக இருந்தன. முனையிலுள்ள ஸ்ப்லைன் பள்ளக் கோடுகள் நூல் பிடித்ததுபோல் நேராக ஓடின. முறுக்கு வாங்கிய ஷாஃப்டில் அந்தக் கோடுகள் ஒருபுறமாகச் சாய்ந்திருக்கும், கண்ணுக்கே தெரியும். ஆயில் சீல் உதடு உட்காரும் இடத்தில் நகத்தை ஓட்டினேன், பள்ளம் தட்டவில்லை. ஹவுசிங்கும் நல்லது. ஷாஃப்டும் ஹவுசிங்கும் சேர்த்து 6,500 ரூபாய்க்கு முடித்தேன், கியரை அவரிடமே விட்டுவிட்டேன். அவருக்கும் நட்டமில்லை.

ஹவுசிங் விஷயத்தில் நம் கடற்கரைக்கென்று தனிச் சட்டமே போடலாம். காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகம் உலோகங்கள் அரிபடுவதைச் சோதிக்க மண்டபத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் நம் காற்றுதான். வெளியூர்க்காரர்கள் ஹவுசிங்கை மேலோட்டமாகப் பார்த்துவிட்டுப் போகலாம், நாம் போகக் கூடாது. பட்டை ஸ்பிரிங் உட்காருகிற மேடையில் யூ போல்ட்டுக்கு அடியில் உப்பு ஈரம் தங்கும். வண்ணத்துக்கு மேலே ஒன்றும் தெரியாது. சிறு சுத்தியால் தட்டிக்கொண்டே வாருங்கள், கணீரென்று வந்த ஒலி எந்த இடத்தில் மந்தமாகிறதோ அங்கே வண்ணத்தைச் சுரண்டுங்கள். தகடு தகடாகத் துரு உதிர்ந்தால் அதை வாங்க வேண்டாம். வெல்டு வைத்துத் தருகிறேன் என்பார்கள். வெல்டு சூட்டில் குழாய் வளைந்தால் ஷாஃப்டும் பேரிங்கும் மாறி மாறிப் போகும்.

ராமேசுவரத்திலிருந்து:

ஹவுசிங்குக்கு வெளியே உப்பு செய்வதைச் சொன்னீர்கள், உள்ளே செய்வதை நான் சொல்கிறேன். 2017-ல் அரிச்சல்முனை வரை தார்ச் சாலை திறக்கும் முன் தனுஷ்கோடிக்கு ஆள் ஏற்றிப் போனவன் நான். மணலிலும் கடல் தண்ணீரிலும்தான் பாதை. அந்த ஓட்டத்தில் இருந்த ஜீப்புகளும் வேன்களும் சாலை வந்த பிறகு கைமாறின, உடைபட்டன. அவற்றின் ஆக்சில்கள் இன்றும் மாவட்டம் முழுக்கச் சுற்றிக்கொண்டிருக்கின்றன, "நாலு சக்கர ஓட்டமுள்ள ஜீப்புச் சாமான்" என்று கூடுதல் விலையில்.

மணலில் இழுத்து இழுத்து ஆக்சில் கொதித்துப் போயிருக்கும். அப்படியே தண்ணீருக்குள் இறங்கும்போது உள்ளேயிருக்கும் காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கும். மேலே மூச்சுவிடுகிற பிரீதர் துளை மணலால் அடைத்திருந்தால், சீல் உதட்டின் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். மறுநாள் வடிகால் போல்ட்டைத் திறந்தால் பால் விட்ட தேநீர் நிறத்தில் எண்ணெய் வரும். நாங்கள் அன்றன்றே மாற்றுவோம். மாற்றாமல் ஓட்டியவர்களின் வண்டிகளும் உண்டு. அந்த ஆக்சிலைத் திறந்து பார்த்தால் பேரிங் உருளைகள் நின்ற இடமெல்லாம் ரேஸில் (உருளைகள் ஓடும் வளையத்தில்) கறுப்புக் கோடுகள், ஒரே இடைவெளியில், வரிசையாக. கியர்ப் பற்களிலும் எண்ணெய்க்கு மேலே நின்ற பாதி மட்டும் செம்புள்ளி போட்டிருக்கும். அப்படி ஒரு கோடு கண்டால் ஓட்டத்தைப் பற்றிப் பேச வேண்டியதே இல்லை, கடல் தண்ணீரில் இறங்கி அப்படியே நின்ற வண்டி அது.

ஜீப்பில் நிறைய வந்த ஸ்பைசர் 44 ஆக்சிலுக்குப் பின்மூடியில் பத்து போல்ட்டுதான். தேநீர் குடித்து முடிப்பதற்குள் கழற்றிவிடலாம். அதைக் கழற்ற விடமாட்டேன் என்கிறவரிடம் எனக்கு வேலையில்லை. அடுத்துச் சக்கர முனையைப் பாருங்கள். ஷாஃப்ட் கூம்பாக முடிந்து, பள்ளத்தில் சாவி என்கிற சிறு இரும்புத் துண்டை வைத்து, சக்கரம் மாட்டும் ஹப்பை இறுக்கியிருப்பார்கள். நட்டு தளர்ந்து ஓடிய வண்டியில் அந்தச் சாவிப் பள்ளம் அகன்றிருக்கும், சில சமயம் மூலையிலிருந்து மயிரிழை விரிசல் கிளம்பியிருக்கும். அந்த ஷாஃப்ட் இனாமாகக் கிடைத்தாலும் வேண்டாம். ஓடும்போது சக்கரம் தனியாகப் போய்விடும்.

பலர் கவனிக்காத ஒன்றும் இருக்கிறது. நாலு சக்கரமும் இழுக்கிற ஜீப்புக்குப் பின் ஆக்சில் வாங்கினால், முன் ஆக்சிலின் பல் விகிதமும் அதுவும் ஒன்றாக இருந்தே தீர வேண்டும். பழைய வில்லிஸ் வகை ஜீப்பில் 43-க்கு 8 (கிரவுன் வீலில் 43 பல், பினியனில் 8) என்று வரும், வேறு சிலவற்றில் 39-க்கு 8. வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. மாறிப் போட்டால் இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும். மணலில் சக்கரம் சறுக்கிக் கொடுத்துவிடும், தார்ச் சாலையில் சறுக்க முடியாது, ஏதாவது ஒன்று உடையும். எனவே எவ்வளவு நல்ல ஆக்சிலாக இருந்தாலும் உங்கள் முன் ஆக்சிலோடு ஒத்துப்போகாவிட்டால் உங்களுக்கு அதன் விலை பூச்சியம்தான். காரைக்குடிப் பக்கமிருந்து வந்த ஒருவரிடம் இதைச் சொல்லி, கையிலிருந்த ஆக்சிலை விற்காமல் திருப்பி அனுப்பினேன். அவருடைய ஜீப்புக்குப் பொருந்தாது என்று தெரிந்துகொண்டே எப்படி விற்பது?

கீழக்கரையிலிருந்து:

வாங்குகிறவர்கள் பக்கமே பேசிக்கொண்டிருக்கிறோம். நாங்கள் விற்ற பக்கம்.

வாப்பாவின் அம்பாசடர் அவர் மறைவுக்குப் பிறகு கொட்டகையில் நின்றது. உடல் தகடு தரைவரை துருப்பிடித்துப் போய்விட்டது. ஒரு தரகர் வந்து வண்டி மொத்தத்துக்கும் எடைக் கணக்கில் விலை சொன்னார். 2014-ல் அம்பாசடர் உற்பத்தியே நின்றுவிட்டது, சாமானுக்கு இனி யாரும் வரமாட்டார்கள் என்பது அவர் வாதம். எனக்கோ அது தலைகீழாகப் பட்டது. உற்பத்தி நின்றது என்றால் ஓடுகிற வண்டிக்காரர்கள் சாமானுக்கு எங்கே போவார்கள்?

உம்மாவுக்கு வண்டியை வைத்திருக்கவும் மனமில்லை, அடிமாட்டு விலைக்குக் கொடுக்கவும் மனமில்லை. பக்கத்துப் பட்டறை மெக்கானிக் காக்காவை (அண்ணனை நாங்கள் அப்படித்தான் அழைப்போம்) அழைத்துவந்தோம். அவர் பின் ஆக்சிலை இறக்கி, கேரியரைத் திறந்து, ஒவ்வொரு பல்லாக எங்களுக்கே காட்டினார். ஜோடி எண் ஒத்திருந்தது. பல்லின் நடுவில் முட்டை வடிவத்தில் ஒரே சீரான தேய்மானம், ஓரத்தில் தொட்டதே இல்லை. வடிகால் போல்ட்டில் ஒட்டியிருந்தது சாம்பல் பூச்சு மட்டும், இரும்புச் சில்லு எதுவும் இல்லை. "இது தரகர் சொன்ன விலைச் சாமான் இல்லை லாத்தா (அக்கா)" என்று உம்மாவிடம் சொன்னார். அந்தக் கியர் ஜோடியும் ஷாஃப்டும் மட்டும், தரகர் முழு வண்டிக்குச் சொன்னதைவிடக் கூடுதலாகப் போயின. வாங்கியவர் மதுரையில் அம்பாசடர் ஓட்டுகிறவர். அவரும் மலிவாக வந்தது என்றுதான் சொன்னார். ஹவுசிங் மட்டும் ஸ்பிரிங் மேடைக்கு அடியில் அரித்திருந்தது. அதைக் காக்கா யாருக்கும் கொடுக்கவிடவில்லை, இரும்புக்கே போட்டோம்.

பழைய வண்டி கொட்டகையில் நிற்கிற வீடுகள் நம் கரையில் இன்னும் இருக்கின்றன. அந்த வீட்டுப் பெண்களிடம் போய் எடை விலை பேசுகிறவர்கள் குறைந்தபட்சம் ஒரு மெக்கானிக்கை வைத்துத் திறந்து காட்டிவிட்டுப் பேசுங்கள்.

தொண்டியிலிருந்து:

எனக்கு ஒரு ஆக்சில் வருகிறது, விற்பவர் இப்போதைக்குத் திறக்க முடியாது, வேண்டுமானால் வந்து பாருங்கள் என்கிறார். திறக்காமலே பல் விகிதத்தைக் கண்டுபிடிக்க வழி உண்டா?

உச்சிப்புளியிலிருந்து:

உண்டு. ஒரு பக்கச் சக்கர ஹப்பை அசையாமல் கட்டிவிடுங்கள். இன்னொரு பக்கத்து ஹப்பிலும், வெளியே தெரியும் பினியன் முனையிலும் சாக்பீஸால் கோடு போடுங்கள். விடுபட்ட ஹப்பைச் சரியாக இரண்டு சுற்றுச் சுற்றி, பினியன் எத்தனை சுற்று வந்தது என்று எண்ணுங்கள். ஒரு பக்கம் கட்டியிருப்பதால்தான் இரண்டு சுற்று. நாலரையைக் கொஞ்சம் தாண்டினால் 41-க்கு 9. ஐந்துக்குச் சற்றே குறைந்தால் 39-க்கு 8. ஐந்தும் அதற்கு மேல் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலாகவும் வந்தால் 43-க்கு 8. எண்ணும்போதே பினியனை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். சுற்றும் ஆட்டம் சிறிது இருக்கலாம். மேலும் கீழும் ஆடினால் பினியன் பேரிங் போய்விட்டது, அதோடு பல்லும் இடம் மாறித் தேய்ந்திருக்கும்.

இதெல்லாம் விகிதத்தைத்தான் சொல்லும், பல்லின் நிலையைச் சொல்லாது. திறக்கும் வரை முன்பணம் கொடுக்காதீர்கள். அது ஜீப் ஆக்சில் என்றால் பத்து போல்ட்டுக்கு ஸ்பேனரை நீங்களே எடுத்துப்போங்கள், திறக்க முடியாது என்ற பேச்சுக்கு இடமிருக்காது. அம்பாசடர் என்றால் நாளைச் சொல்லுங்கள், தொண்டிக்கு நானே வருகிறேன்.