மறுமொழி: குதிரைவில் இறுக்கம் – 'இழுவிசை' இங்கே பொருந்தாது

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். துப்பாக்கியில் தோட்டாவை வெடிக்க வைக்கும் சுத்தியலைப் பாயச் செய்யும் வில்லின் இறுக்கத்துக்கு, அதாவது ஆங்கிலத்தின் 'ஹேமர் ஸ்பிரிங் டென்ஷன்' என்பதற்கு, தமிழில் என்ன சொல்வது என்ற கேள்விக்கு இது என் மறுமொழி.

> 'ஹேமர் ஸ்பிரிங் டென்ஷன்' என்பதைச் 'சுத்தியல் சுருள்வில் இழுவிசை' என்று வைத்துக்கொள்ளலாமா? டென்ஷன் என்றால் பாடநூலில் இழுவிசைதானே?

வேண்டாம் அம்மா. கிணற்றுக் கயிற்றில் வாளி தொங்கும்போது கயிற்றில் இருப்பது இழுவிசை. அரைத்தானியங்கிக் கைத்துப்பாக்கியின் இந்தச் சுருள்வில்லை யாரும் இழுப்பதில்லை, அமுக்குகிறோம். நான் பெங்களூரு பீன்யாவில் ஒரு ஸ்பிரிங் பட்டறையில் 20 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். இழுபடும் ஸ்பிரிங்குக்கு இரண்டு முனையிலும் கொக்கி இருக்கும். சுற்றுகள் ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கும். அமுக்கப்படும் ஸ்பிரிங்கில் சுற்றுகளுக்கு நடுவே இடைவெளி இருக்கும். நேராக நிற்பதற்காக முனைகளைத் தட்டையாகச் சாணை பிடித்திருப்போம். 'இழுவிசைச் சுருள்வில் எடுத்து வா' என்று பட்டறைப் பையனிடம் சொன்னால் கொக்கி வைத்ததைத்தான் கொண்டுவருவான். அவன் செய்வது சரி. சொல்தான் தவறு.

ஜான் பிரௌனிங் வடிவமைத்த 1911 என்ற கைத்துப்பாக்கியைப் பாருங்கள். கைப்பிடியின் பின்பக்கத்தில், ஒரு குழிக்குள் இந்தச் சுருள்வில் நிற்கிறது. குழலை மூடி நகரும் மேல்பகுதி (ஸ்லைடு) பின்னோக்கி வரும்போது சுத்தியல் சாய்கிறது. அதோடு இணைந்த சிறு தண்டு கீழே இறங்கிச் சுருள்வில்லை அமுக்குகிறது. விரலால் விசையை (டிரிக்கர்) அழுத்தியதும் வில் விரிகிறது. சுத்தியல் பாய்ந்து ஊசியை அடிக்க, ஊசி தோட்டாவின் அடியில் உள்ள எரியூட்டியில் குத்துகிறது. வழக்கமான வில்லின் அளவு 23 பவுண்டு, ஏறத்தாழ பத்தரைக் கிலோ. வில் தளர்ந்தால் எரியூட்டியில் மேலோட்டமான தழும்பு விழும், தோட்டா வெடிக்காது. மிகக் கடினமானதைப் போட்டால் மேல்பகுதியைப் பின்னிழுக்கக் கூடுதல் வலு வேண்டும். சுத்தியலை விசையே சாய்க்கும் வகைத் துப்பாக்கிகளில் விரலுக்கும் வேலை கூடும்.

ஆகவே 'இறுக்கம்' என்கிறேன். 'வில் தளர்ந்துவிட்டது' என்று எல்லாரும் சொல்கிறோம். தளர்ச்சிக்கு எதிர்ச்சொல் கையிலேயே இருக்கிறது. இழுத்தாலும் அமுக்கினாலும் முறுக்கினாலும் பொருந்தும். ஆனால் இறுக்கம் வேறு, விறைப்பு வேறு; இதைக் குழு தயவுசெய்து கலக்கக் கூடாது. ஒரு மில்லிமீட்டர் அமுக்க எவ்வளவு வலு கூடுகிறது என்பது விறைப்பு. அது கம்பியின் தடிமனையும் சுற்றின் விட்டத்தையும் எண்ணிக்கையையும் பொறுத்தது. குறிப்பிட்ட நீளத்துக்கு அமுக்கிய நிலையில் அந்த வில் எவ்வளவு தள்ளுகிறது என்பதே இறுக்கம். 23 பவுண்டு என்பது இரண்டாவது வகை. பட்டறைச் சோதனை மேசையில் நாங்கள் அளப்பதும் அதைத்தான்: கைப்பிடியை இறக்குவோம், உயரம் குறித்த கோட்டுக்கு வந்ததும் நிறுத்தி முள்ளைப் படிப்போம். பொருத்தும்போதே கொஞ்சம் அமுங்கி உட்காரும் அளவுக்கு 'முன்னிறுக்கம்' என்று சொல்லிவிடலாம்.

அடுத்தது சுத்தியல். இது எனக்கு மனத்துக்கு நெருக்கமான விஷயம். நம் அகராதிகள் 'குதிரை' என்ற சொல்லுக்குத் துப்பாக்கியின் உறுப்பு என்றும் பொருள் தருகின்றன. இந்தியில் 'கோடா', அதுவும் குதிரையே. ஜெர்மானியர் அதைச் சேவல் என்கிறார்கள், பிரெஞ்சுக்காரர் நாய் என்கிறார்கள். பலரும் விலங்கின் பெயரை வைத்திருக்கும் இடத்தில், நம்மிடம் சொந்தமாக ஒரு விலங்கு இருக்கும்போது ஆணி அடிக்கும் கருவியின் பெயரை ஏன் இறக்குமதி செய்ய வேண்டும்?

> ஆனால் 'குதிரையை இழுத்தான்' என்று எழுதும்போது பலர் விரலால் அழுத்தும் பகுதியைத்தானே சொல்கிறார்கள்?

உண்மை, ஐயா. இந்தக் குழப்பத்தை மறுக்கவில்லை. இருந்தாலும் விரல் படும் பகுதிக்கு நாளிதழ்களில் 'விசை' நன்றாகவே ஊன்றிவிட்டது. அதற்கு விசை, அடிக்கும் உறுப்புக்குக் குதிரை என்று நாம் பிரித்துவிட்டால் போதும். அதே காரணத்தால் 'குதிரை விசை' என்ற கூட்டுச்சொல் மட்டும் வரவே கூடாது. துப்பாக்கி சுடும் போட்டியில் 25 மீட்டர் பிஸ்டலுக்கு விசை எடை, அதாவது விசை தாங்க வேண்டிய எடை, 1000 கிராமுக்குக் குறையக் கூடாது. விசையில் எடையைத் தொங்கவிட்டுச் சோதிக்கிறார்கள். அந்த எடையும் வில்லின் இறுக்கமும் ஒன்றல்ல. மோட்டார்காரர்களின் குதிரைத்திறன் வேறு குறுக்கே நிற்கிறது.

ஆங்கிலத்தில் இந்த வில்லுக்கு 'மெயின்ஸ்பிரிங்' என்றும் பெயர்; அதை ஒட்டிய 'முதன்மைச் சுருள்வில்' என்ற யோசனையையும் ஏற்க முடியவில்லை. கல்தட்டித் துப்பாக்கி (ஃபிளிண்ட்லாக்) காலத்தில், சுடும் பொறியான பூட்டுப்பகுதியில் இருந்த விற்களில் இதுவே பெரியது, அதனால் அந்தப் பெயர். இன்றைய கைத்துப்பாக்கியைத் திறந்து பார்ப்பவர் குழலுக்குக் கீழே கிடக்கும் நீண்ட பின்னுதைப்பு வில்லைத்தான் முதன்மை என்று நினைப்பார்.

'சுருள்' என்பதையும் விட்டுவிடலாம். பழைய பூட்டுகளிலும் பல ரிவால்வர்களிலும் இந்த வேலையைச் செய்வது வளைத்த பட்டை, சுருள் அல்ல. வெறும் 'வில்' என்றால் இரண்டும் அடங்கும். நாணேற்றிய வில் தமிழனுக்குப் புதிதா என்ன?

ஆகவே என் பரிந்துரை: குதிரைவில், குதிரைவில் இறுக்கம். கிளாக் போன்று குதிரையே இல்லாத துப்பாக்கிகளில் ஊசியைத் தள்ளும் வில்லுக்கு 'ஊசிவில்' என்று தனியாக வைக்க வேண்டும்; அதை அடுத்த மடலில் எடுத்துக்கொள்வோம். ஞாயிறன்று அல்சூர் பக்கம் கூடும்போது அமுக்கும் ஸ்பிரிங் ஒன்றும் கொக்கி ஸ்பிரிங் ஒன்றும் எடுத்து வருகிறேன். கையில் வைத்து அழுத்திப் பார்த்துவிட்டு வாக்களியுங்கள்.