தண்ணீரில் கரண்ட்: நேரில் பார்த்ததை எழுதுங்கள்

பெருங்குடி வாசி
ஆர்ஓ (உப்பை நீக்கும் தண்ணீர் சுத்திகரிப்பான்) விற்க வீட்டுக்கு வந்தவர் செய்த வேலை இன்னும் மனதை அரிக்கிறது. உங்களில் பாதிப் பேர் இதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு டம்ளரில் எங்கள் போர் தண்ணீர், இன்னொன்றில் அவர் கொண்டுவந்த ஆர்ஓ தண்ணீர். கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்த கருவியை இரண்டிலும் இறக்கி ஸ்விட்சைப் போட்டார். கொஞ்ச நேரத்தில் எங்கள் டம்ளரில் கம்பியைச் சுற்றிப் பழுப்பாகக் கிளம்பி, பச்சையும் கறுப்புமாகத் திரண்டு, மேலே நுரை கட்டியது. அவருடைய தண்ணீர் தெளிவாகவே இருந்தது. "இதைத்தான் பேரனுக்குக் குடுக்கறீங்களாம்மா?" என்றார். அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

அந்த அழுக்கு தண்ணீரில் இருந்ததே இல்லை. இரும்புக் கம்பி கரைந்து வந்த துரு. போர் தண்ணீரில் உப்பு அதிகம், கரண்ட் தாராளமாகப் பாயும், கம்பி அரிக்கும். ஆர்ஓவில் உப்பு போய்விட்டதால் பாயவில்லை, அவ்வளவுதான். ஒரு சிட்டிகை தூள் உப்பை அவருடைய டம்ளரிலேயே போட்டுக் கலக்கி, "இப்பப் போடுங்க தம்பி" என்றேன். அதுவும் பழுப்பாகிவிட்டது. பேசாமல் பெட்டியை மூடினார். ஆனால் பக்கத்து வீட்டு அக்கா அன்றைக்கே முன்பணம் கட்டிவிட்டார்.

டிஎம் பிளான்ட் ரிட்டையர்டு
சரியாகச் சொன்னீர்கள். அனல்மின் நிலையத்தில் 210 மெகாவாட் ஜெனரேட்டரின் ஸ்டேட்டரில், அதாவது சுழலாத சுருள் பகுதியில், 15.75 கிலோவோல்ட். அந்தச் செம்புக் கம்பிகளில் உள்ளே துளை இருக்கும். அதற்குள்ளேயே தண்ணீரை ஓடவிட்டுத்தான் சூட்டை இறக்குவோம். உப்பெல்லாம் நீக்கிய டிஎம் தண்ணீர், அதில் கரண்ட் கசியக் கூடாது என்பதற்காக. ஒரு நைட் ஷிப்டில் தண்ணீரில் கரண்ட் எவ்வளவு பாயும் என்று காட்டும் கண்டக்டிவிட்டி மீட்டரின் முள் மெல்ல ஏறத் தொடங்கியது. உப்பைப் பிடித்துக்கொள்ளும் ரெசின் மணிகளின் சக்தி தீர்ந்திருந்தது. மாற்றுப் படுகைக்குத் திருப்பி முள் இறங்கும்வரை யாரும் உட்காரவில்லை.

கரண்ட் பாயும் அளவைச் சென்டிமீட்டருக்கு இத்தனை மைக்ரோசீமென்ஸ் என்று சொல்வோம். பரிசுத்தமான தண்ணீர் 25 டிகிரியில் 0.055. கடல்நீர் 50,000 பக்கம், ஏறத்தாழ 9 லட்சம் மடங்கு. சுத்தமான தண்ணீரில் கரண்ட் பாயாது என்றே வைத்துக்கொள்ளலாம்.

மதுரை எலக்ட்ரீஷியன்
ரிட்டையர்டு சார், மரியாதையோடு சொல்கிறேன், கடைசி வரியைப் பொதுவில் எழுதாதீர்கள். உங்கள் பிளான்ட் தண்ணீர் தெருவில் கிடையாது. மழை தரையைத் தொட்டதும் மண், சாக்கடை, சிமென்ட் எல்லாவற்றிலிருந்தும் உப்பு ஏறிவிடும்.

எங்கள் தெருவில் பில்லர் பாக்ஸ் (வீடுகளுக்குக் கரண்ட் பிரியும் தெருவோரப் பெட்டி) பக்கம் கணுக்கால் அளவுதான் தண்ணீர். மாடு ஒன்று வந்தது. முன்னங்கால் மடங்கி அப்படியே சாய்ந்துவிட்டது. கயிற்றை விட்டுவிட்டு அதைத் தூக்க ஓடிய பாட்டியை இரண்டு பேர் சேர்ந்து இழுத்துப் பிடித்தோம். மாட்டுக்கு முன்கால் பின்கால் இடைவெளி அதிகம். அந்த இரண்டு இடத்துக்கும் வோல்டேஜ் வித்தியாசமும் அதிகம், கரண்ட் நெஞ்சு வழியாகவே போகும். அதனால்தான் மனிதன் தப்பும் இடத்தில் மாடு செத்துவிடுகிறது.

அப்புறம், எல்லோருக்கும் சொல்கிறேன். மழைத் தண்ணீரில் காலில் சுரீரென்றால் ஓடாதீர்கள். இரண்டு பாதமும் ஒட்டியபடி சிறு சிறு அடியாக நகர்த்தி, வந்த வழியே திரும்புங்கள். வீட்டில் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானே அணைக்கும் ஸ்விட்ச்) போடுங்கள், அதன் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அமுக்கிப் பாருங்கள். வாட்டர் ஹீட்டர் ராடு போட்ட வாளியில், ஸ்விட்சை அணைத்துப் பிளக்கையும் பிடுங்காமல் விரல் வைக்கவே கூடாது. ராடிலிருந்து கரண்ட் கசிந்தால் பிளாஸ்டிக் வாளித் தண்ணீரில் டெஸ்டரை வைத்தாலே எரியும். தண்ணீர் பார்க்கச் சாதாரணமாகத்தான் இருக்கும். வெறுங்காலில் ஈரத்தரையில் நிற்கும் ஆள் கை வைத்ததும் கரண்டுக்கு வழி கிடைத்துவிடும். ஈரக்கையோடு மோட்டார் ஸ்டார்ட்டரைத் தொடாதீர்கள். லைன் அறுந்து கிடந்தால் மின்வாரியத்துக்குச் சொல்லிவிட்டு, ஆட்கள் வரும்வரை யாரையும் அந்தப் பக்கம் விடாதீர்கள்.

அறிவியல் டீச்சர்
விற்க வருபவர்கள் டிடிஎஸ் மீட்டரையும் (தண்ணீரில் கரைந்திருப்பதன் அளவு என்று எண் காட்டும் கருவி) காட்டுவார்களே, அதைப் பற்றி. எட்டாம் வகுப்பில் ஒரு மாணவி, காய்ச்சி வடித்த தண்ணீரில் கை நிறையச் சர்க்கரையைக் கரைத்து மீட்டரை விட்டாள். எண் ஏறவே இல்லை. "இவ்ளோ கரைஞ்சிருக்கே மிஸ், அப்ப இது எதைத்தான் எண்ணுது?" என்று கேட்டாள். கரண்ட் எவ்வளவு பாய்கிறது என்று பார்த்து, அதை ஒரு எண்ணால் பெருக்கிக் காட்டுகிறது, அவ்வளவே. உப்பு அயனிகளாகப் பிரிந்து கரண்டைச் சுமக்கும், சர்க்கரை பிரியாது. கிருமியும் அந்த மீட்டருக்குத் தெரியாது. எண் குறைவு என்று கொதிக்க வைப்பதை நிறுத்திவிடாதீர்கள்.